எனக்குக் கேக்குது, நான் கேக்கல

'நேற்று நான் பாட்டுக் கேட்டேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஆறாம் வகுப்பில் மூன்று விதமான விடைகள் வரும். 'ஐ ஹியர் சாங்.' 'ஐ லிசன் சாங்.' 'ஐ ஆஸ்க் சாங்.' மூன்றாவதைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் சிரிப்பவர்கள் உண்டு. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், அரசு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் சிரிப்பதில்லை. வழி கேள், விலை கேள், மன்னிப்புக் கேள், பெண் கேள் என்று எல்லாவற்றுக்கும் ஆஸ்க் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பாட்டுக் கேட்பதற்கு மட்டும் அது ஆகாது என்றால் பிள்ளை எங்கே போகும்? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் காதால் கேட்பது, விசாரிப்பது, வேண்டுவது எல்லாவற்றையும் 'கேள்' என்ற ஒரே சொல்லுக்குள்தான் அடுக்கிவைத்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் நோட்டில் இருப்பது கவனக்குறைவு இல்லை, தமிழ் சரியாகத் தெரிந்திருப்பதன் விளைவு என்பது ஆசிரியையின் கட்சி.

ஆங்கில ஆசிரியர்களுக்குச் சொல்ஜோடிகள் தீராத வேலை. அவற்றில் எது எளிது, எது கடினம் என்பதைத் தீர்மானிப்பது பிள்ளையின் வீட்டு மொழிதான். பாரோ, லெண்ட் என்ற ஜோடி பல நாட்டு மாணவர்களைக் குழப்பும். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கு, கடன் கொடு என்றதும் பாதி வேலை முடிந்துவிடும். ப்ரிங், டேக் என்பதும் அப்படித்தான். கொண்டு வா, கொண்டு போ என்று தமிழே பிரித்துவைத்திருக்கிறது. கப்பலைக் குறிக்கும் ஷிப்பையும் ஆட்டைக் குறிக்கும் ஷீப்பையும் காதால் பிரித்தறிய ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகள் திண்டாடுவார்கள். குறில், நெடில் படித்து வளர்ந்த பிள்ளைக்கு அதில் என்ன சிக்கல்? அதே பிள்ளையிடம் பைக்கும் முதுகுக்கும் ஆங்கிலச் சொல் என்ன என்று கேட்டால் இரண்டுக்கும் நோட்டில் 'பேக்' என்று தமிழில் எழுதிவைத்துக்கொண்டு முழிக்கும். நம் எழுத்தில் அந்த இரண்டு சொற்களும் ஒன்றுதான்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானவை, தமிழ் ஒரே சொல்லில் சொல்வதை ஆங்கிலம் உடைத்துச் சொல்லும் இடங்கள். கால் என்றால் லெக்கா, ஃபுட்டா? விரல் என்றால் ஃபிங்கரா, டோவா? இவற்றையாவது தொட்டுக் காட்டிவிடலாம். வீடு என்பது ஹவுஸா, ஹோமா என்பதைப் படம் போட்டுக்கூடக் காட்ட முடியாது. கேள் என்பதும் பார் என்பதும் அந்தச் சாதி. ஹியருக்கும் லிசனுக்கும் காது ஒன்றுதான், சத்தமும் ஒன்றாகவே இருக்கலாம். வித்தியாசம் கேட்கிற ஆளுக்குள் இருக்கிறது. அதை எங்கே தொட்டுக் காட்டுவது?

கடையில் விற்கும் கைடுகள் இதற்குச் சுருக்கு வழி ஒன்று வைத்திருக்கின்றன. ஹியர் என்றால் கேள், லிசன் என்றால் கவனி. முதல் வாரம் இது அழகாக வேலை செய்யும். பிறகு பிள்ளைகள் 'கவனி' என்று தமிழில் வருகிற இடத்திலெல்லாம் லிசனைக் கொண்டுபோய் வைப்பார்கள். பாட்டி என்னைக் கவனித்துக்கொள்கிறாள் என்பதற்கு 'மை கிராண்ட்மதர் லிசன்ஸ் மீ' என்று வரும். கடையைக் கவனிப்பதும் லிசன், நோயாளியைக் கவனிப்பதும் லிசன். ஆபீசில் யாரையோ 'கவனித்துவிட்டு' வருவதற்கும் லிசன் போடலாமா என்று பிள்ளைகள் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கில வகுப்பறைச் சுவர்களில் அடிக்கடி தென்படும் சார்ட் ஒன்று உண்டு. லிசன் என்ற சொல்லின் ஆறு எழுத்துகளை மாற்றி அடுக்கினால் சைலண்ட் என்ற சொல் வரும் என்று காட்டுகிற சார்ட். எழுத்து விளையாட்டாக அது நன்றாகத்தான் இருக்கிறது. வகுப்பை அடக்கவும் பயன்படுகிறது. ஆனால் லிசன் என்றால் வாயை மூடிக்கொள் என்ற எண்ணத்தைத்தான் அது பிள்ளைகளிடம் விட்டுச் செல்கிறது என்று ஆசிரியை அதைத் தன் வகுப்பில் மாட்டுவதில்லை. எழுத்துகளைப் பற்றிப் பேசுவதானால் அவர் வேறு இரண்டு விஷயங்களைச் சொல்வார். லிசனில் நடுவில் ஒரு 'டி' இருக்கிறது, வாயில் வராது. கேசில், விசில், கிறிஸ்துமஸ் போல. அதனால் லிஸ்டன் என்று படிக்காதே. அடுத்தது, 'இங்கே' என்ற பொருளில் வருகிற ஹியரும் காதால் கேட்கிற ஹியரும் ஒரே மாதிரி ஒலிப்பவை. காதால் கேட்கிற ஹியருக்குள் ஈ, ஏ, ஆர் என்று காதே உட்கார்ந்திருக்கிறது. மற்றது வேர், தேர் என்று இடத்தைச் சொல்லும் குடும்பத்தோடு சேர்ந்தது, எழுத்தும் அவற்றைப் போலவே முடியும். இதைச் சொல்லிவிட்டால் எழுத்துப்பிழை பெருமளவு குறைந்துவிடும். பொருள் குழப்பம் அப்படியே இருக்கும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்பது அவர் பயிற்சிக் காலத்தில் கேட்டு வளர்ந்த வேதவாக்கு. அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு பெரிய பயிற்சி இயக்கம் ஒன்று நடந்தது. தொடக்க நிலையில் ஆங்கிலம் எடுக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்குப் புது முறையைச் சொல்லிக் கொடுப்பது அதன் இலக்கு. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பலருக்குக் கொடுத்து, அந்தப் பலர் இன்னும் பலருக்குக் கொடுக்கிற ஏற்பாடு. உருள உருளப் பெருக்கும் பனி உருண்டை என்று பொருள்படும்படி அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயரிட்டார்கள், பனியையே பார்க்காத ஊரில். வாக்கிய அமைப்புகளை வாயால் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து மனத்தில் பதிப்பதுதான் அந்தக் காலத்து வழி. ஆசிரியர் ஜன்னலைத் திறப்பார், 'ஐ ஆம் ஓப்பனிங் த விண்டோ' என்பார், வகுப்பும் சொல்லும்.

இந்த முறையின் மேல் எழுந்த கேள்விகளில் முக்கியமானது 1979இல் என்.எஸ். பிரபு தொடங்கிய பரிசோதனை. பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் 1984 வரை அது நடந்தது. இலக்கணத்தைச் சொல்லிக் கொடுக்காமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை கண்டுபிடிப்பது போன்ற வேலைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பொருளைத் தேடி மனம் ஓடும்போது மொழி தானாகப் படியும் என்பது பிரபுவின் வாதம். 1987இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். பணி அடிப்படையிலான மொழிக் கற்பித்தல் என்று உலகம் முழுக்க இன்று பேசப்படுவதற்கு முன்னோடிகளில் ஒன்று அது. ஆசிரியை இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டிருக்கிறார். வாய்ப்பயிற்சி வேண்டும், வேலையும் வேண்டும். ஆனால் ஹியர், லிசன் விஷயத்தில் இரண்டும் சேர்ந்தும் போதவில்லை. ஜன்னலைத் திறந்து காட்டலாம். லிசன் பண்ணுவதை எப்படிச் செய்து காட்டுவது? கையைக் காதருகே குவித்துக் காட்டினால் பிள்ளைகள் ஹியருக்கும் அதையே செய்கிறார்கள்.

வழி கிடைத்தது ஒரு ஆடி மாதத்தில். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழா. பள்ளிக்கு நேர் எதிரே வேப்பமரத்தில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து பக்திப் பாட்டு. பாடம் நடத்தவே முடியவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, பாடத்த விட்டுட்டுப் பாட்டு கேட்டுட்டு இருக்கியா?"

"இல்ல டீச்சர். பாட்டு எனக்குக் கேக்குது. நான் கேக்கல."

வகுப்பு சிரித்தது. ஆசிரியை அந்த வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதினார். கீழே ஆங்கிலத்தில், 'ஐ கேன் ஹியர் த சாங். ஐ ஆம் நாட் லிசனிங் டு இட்.' அதற்கு மேல் அன்று விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

கேள் என்ற சொல் ஒன்றுதான், ஆனால் அதைச் சுற்றி நிற்கும் வாக்கியங்கள் இரண்டு. எனக்குக் கேட்கிறது என்றால் சத்தம் தானாக வந்து என்னைச் சேர்கிறது. நான் எதுவும் செய்யவில்லை. நான் கேட்கிறேன் என்றால் வேலை என்னுடையது. ஆங்கிலம் இரண்டு வினைச்சொற்களை வைத்துச் செய்கிற வேறுபாட்டைத் தமிழ் 'எனக்கு', 'நான்' என்ற இரண்டை வைத்துச் செய்துவிடுகிறது. நான்காம் வேற்றுமை உருபான 'கு'தான் இங்கே ஹியர். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வேற்றுமையின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. செல்போனை எடுத்ததும் "ஹலோ, கேக்குதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். "ஹலோ, கேக்குறியா?" என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. மூன்று வயதில் கற்றுக்கொண்ட வித்தியாசத்தைப் பதினோரு வயதில் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து வைப்பது மட்டுமே பாக்கி.

அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை அவர் எடுக்கும் விதமே மாறிவிட்டது. முதலில் கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்காரச் சொல்வார். காதில் என்னென்ன விழுந்தது? பிள்ளைகள் சொல்லச் சொல்லப் பலகை நிறையும். காக்கா, பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு, சத்துணவுக் கூடத்தில் கரண்டி உரசுகிற சத்தம், மெயின் ரோட்டில் போகும் டவுன் பஸ், யாரோ தும்மியது. ஒவ்வொன்றையும் 'ஐ ஹேர்ட்' என்று தொடங்கி எழுத வேண்டும். ஹியர்டு என்று சொல்லும் பழக்கத்தையும் அப்போதே திருத்திவிடலாம். இரண்டாம் சுற்றில் விதி மாறும். மறுபடி கண்ணை மூடு, இந்தத் தடவை காக்காவை மட்டும் பிடி. எத்தனை தடவை கத்தியது? ஒரு காக்காவா, இரண்டா? எந்தப் பக்கமிருந்து? இப்போது பிள்ளைகளின் முகமே வேறு மாதிரி இருக்கும், புருவம் சுருங்கும், தலை ஒரு பக்கமாகச் சாயும். "இப்ப பண்ணினீங்களே, அதுதான் லிசன்" என்பார்.

மூன்றாம் சுற்றுக்குப் பலகையில் நான்கு கட்டம். கேட்குது, கேட்கிறேன் என்பது முதல் கட்டம். விருப்பமான பாட்டு ஓடுகிறது, உட்கார்ந்து ரசிக்கிறோம். கேட்குது, ஆனால் கேட்கவில்லை என்பது இரண்டாவது, கோயில் ஸ்பீக்கர். நான் கேட்கிறேன், ஆனால் எனக்குக் கேட்கவில்லை என்பது மூன்றாவது. இதற்கு உதாரணம் தேடப் பிள்ளைகள் முதலில் திணறினார்கள். பிறகு கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பை ஒரு பெண் நினைவுபடுத்தினாள். சிக்னல் இல்லாத மொட்டை மாடியில் அண்ணனின் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு நின்றதுதான் அது. 'ஐ வாஸ் லிசனிங், பட் ஐ குட் நாட் ஹியர்.' நாலாவது கட்டத்தில், இரண்டுமே இல்லாத நிலைக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வரலாறு வகுப்பைச் சொன்னார்கள். ஆசிரியை அதைத் 'தூக்கம்' என்று மாற்றி எழுதினார்.

மூன்றாவது கட்டம்தான் முக்கியம் என்பது அவர் அனுபவம். இரண்டு சொல்லும் ஒன்றே என்று நினைக்கும் பிள்ளைக்கு 'கேட்டேன், ஆனால் கேட்கவில்லை' என்ற வாக்கியம் பைத்தியக்காரத்தனமாகப் படும். அதைத் தானே சொந்தமாகச் சொல்லிவிட்ட பிள்ளை பிறகு குழம்புவதில்லை.

லிசனோடு ஒட்டிக்கொண்டு வருகிற 'டு' அடுத்த தலைவலி. பாட்டைக் கேள், டீச்சர் சொல்வதைக் கேள் என்று தமிழில் 'ஐ' வருவதால் பிள்ளைகள் 'லிசன் சாங்', 'லிசன் டீச்சர்' என்று நேராகப் போய்விடுகிறார்கள். இதற்கும் தமிழிலேயே மருந்து இருக்கிறது. காது கொடுத்துக் கேள் என்கிறோம். யாருக்குக் காது கொடுப்பாய்? பாட்டுக்கு, டீச்சருக்கு, அம்மாவுக்கு. அந்த 'கு'தான் 'டு'. ஹியருக்கு யாருக்கும் காதைக் கொடுக்க வேண்டியதில்லை, சத்தமே வந்து காதில் விழுந்துவிடும். அதனால் அங்கே 'டு'வும் இல்லை. இதை இலக்கண விதியாகச் சொன்னால் மொழியியலாளர்கள் அடிக்க வருவார்கள். நினைவில் நிற்க வைக்கும் கொக்கியாக அது தாராளமாக வேலை செய்கிறது.

'எனக்கு' என்ற சாவி எதிர்பாராத இன்னொரு பூட்டையும் திறந்தது. 'ஐ ஆம் ஹியரிங் யூ', 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்', 'ஐ ஆம் வாண்டிங்' என்று எழுதுவது நம் ஊரில் பெரியவர்களிடமும் உள்ள பழக்கம். இந்த வினைகள் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை என்று இலக்கணப் புத்தகம் ஒரு நீளமான பட்டியலைக் கொடுக்கும். கற்போருக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும், காதால் உணரும் பொருளில் வரும் ஹியர், தொடர் வினையாக வராது என்று குறிப்பு போட்டிருக்கிறது. மனப்பாடம் செய்தால் பட்டியல் தேர்வோடு போய்விடும். ஆசிரியை அந்தப் பட்டியலைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொன்னார். எனக்குத் தெரியும். எனக்குப் புரியும். எனக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டும். எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்குக் கேட்கும். வரிசையாக எல்லாமே 'எனக்கு'. நோ, அண்டர்ஸ்டாண்ட், லைக், வாண்ட், ரிமெம்பர், ஹியர். நாம் செய்யாமல் நமக்கு நேர்பவற்றைத் தமிழ் 'எனக்கு' என்று ஒதுக்கி வைக்கிறது, ஆங்கிலம் 'இங்' கொடுக்காமல் ஒதுக்கி வைக்கிறது. நம்புகிறேன் என்பது போல இந்தக் கணக்கில் அடங்காதவையும் உண்டு. அவற்றைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், எண்ணிக்கை கொஞ்சம்தான்.

தமிழில் தேடத் தொடங்கிய பிறகு பிள்ளைகளே கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். ஊர்ச் செய்தி காதுக்கு எட்டினால் கேட்டேன் என்று சொல்வதில்லை, 'கேள்விப்பட்டேன்' என்கிறோம். ஆங்கிலத்தில் அது ஹேர்ட் மட்டும்தான், லிசன் வரவே வராது. சொன்னால் கேட்கமாட்டான் என்றால் கீழ்ப்படியமாட்டான் என்று பொருள். அங்கே லிசன் வரும், ஹியர் வராது. திருக்குறளில் 'கேள்வி' என்று 42ஆவது அதிகாரம் இருக்கிறதே, அது கொஸ்டினா என்று ஒரு மாணவி கேட்டாள். அறிவுள்ளவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கற்பதைப் பற்றிய அதிகாரம் அது. அதற்குத் தலைப்பு போடுவதானால் லிசனிங் என்றுதான் போட வேண்டும் என்று வகுப்பே தீர்மானித்தது. தமிழ் ஐயா மறுநாள் வந்து, பாடத்தைத் தன் வகுப்பில் நடத்த விடுமாறு கேட்டுக்கொண்டார். விளையாட்டாகத்தான்.

கேள் முடிந்ததும் பார் பாதி முடிந்துவிட்டது. எனக்குத் தெரிகிறது, கண்ணில் பட்டது என்பவை சீ. நான் பார்க்கிறேன் என்பது லுக், அதற்கு 'அட்' வேண்டும். மூன்றாவதாக வாட்ச் இருக்கிறது. அதற்குத் தமிழ் 'வேடிக்கை பார்' என்று தனியாகவே ஒன்று வைத்திருக்கிறது. நகர்கிற, மாறிக்கொண்டிருக்கிற ஒன்றின் மேல் கொஞ்ச நேரம் கண் வைத்திருப்பது. சண்டையை வேடிக்கை பார்ப்பது வாட்ச், கிரிக்கெட் வாட்ச், டிவி வாட்ச். வரப்பில் நிற்கும் மாட்டைப் பார்த்துக்கொள் என்றாலும் வாட்ச்தான். சினிமாவுக்கு மட்டும் சீயும் வரும், வாட்சும் வரும். தியேட்டருக்குப் போனால் சீ, வீட்டில் டிவியில் என்றால் பெரும்பாலும் வாட்ச்.

இந்தப் பாடம் மொழிக்கு வெளியேயும் ஒருமுறை பயன்பட்டது. கண்ணை மூடிச் சத்தங்களை எழுதும் முதல் சுற்றில் ஒரு பெண் எப்போதும் இரண்டு மூன்று வரியோடு நின்றுவிடுவாள். மற்றவர்கள் பஸ், கரண்டி, வாய்ப்பாடு என்று அடுக்கும்போது அவள் நோட்டில் பக்கத்துப் பெண்ணின் இருமல் மட்டும் இருக்கும். சொன்னதைக் கவனிக்கமாட்டாள் என்று முந்தைய வகுப்பிலிருந்தே அவளுக்குப் பெயர். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின்கீழ் பள்ளிகளுக்கு வருகிற மருத்துவக் குழு, பிள்ளைகளிடம் பார்க்கும் குறைகளில் காது கேளாமையும் ஒன்று. அவர்கள் வந்தபோது ஆசிரியை அந்த நோட்டையும் காட்டினார். இரண்டு காதிலும் நாட்பட்ட சீழ். சிகிச்சை முடிந்து வந்த பிறகு அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள். ஹியரிங் டெஸ்ட் என்பது காது டாக்டர் செய்வது, லிசனிங் டெஸ்ட் என்பது இங்கிலீஷ் டீச்சர் வைப்பது என்று இன்றைக்கும் அவர் வகுப்பில் சொல்லும் உதாரணம் இதிலிருந்து வந்தது. காதில் மாட்டும் மெஷினுக்கு ஹியரிங் எய்டு என்றுதான் பெயர். லிசனிங்கை எந்த மெஷினாலும் கொடுக்க முடியாது என்று சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

விதி பிடிபட்டதும் விதிவிலக்குகள் வரும். வர வேண்டும் என்றே அவர் காத்திருப்பார். ரேடியோவை லிசன் பண்ணுகிறோம், அதில் வரும் செய்தியை ஹியர் பண்ணுகிறோம். ஒரு கச்சேரிக்குப் போய் மூன்று மணி நேரம் ஒருமனதாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாலும், அந்தப் பாடகியை ஹேர்ட் என்று சொல்லலாம். அதனால், பாட்டுக் கேட்டேன் என்பதற்கு ஹேர்ட் என்று ஒரு பிள்ளை எழுதினால் அதை அடித்துவிட முடியாது. பேச்சை முழுக்கச் சொல்லி முடிக்க விடு என்பதற்கு 'ஹியர் மீ அவுட்' என்பார்கள். நீதிமன்றத்தில் நடப்பது ஹியரிங். சட்டத்தின் மொழியில் ஹியர் என்றால், ஒருவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்து அதைப் பரிசீலிப்பது. சத்தம் காதில் விழுவது மட்டும் அல்ல.

நீதிமன்ற உதாரணத்தைச் சொன்ன வாரத்தில்தான் ஊருக்குப் பக்கத்தில் கல்குவாரி ஒன்று சம்பந்தமாகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பதை 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை விரிவாக வகுத்திருக்கிறது. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டிய நோட்டீஸில் தமிழில் கருத்துக் கேட்பு என்றும் ஆங்கிலத்தில் பப்ளிக் ஹியரிங் என்றும் இருந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"டீச்சர், கேட்புன்னா நாம கேக்குறதுதானே? அப்ப லிசனிங்னு இல்ல போட்டிருக்கணும்? அங்க அவுங்க கேக்குறாங்களா, இல்ல அவுங்களுக்குக் கேக்குதா?"

கோர்ட்டில் வருகிற அதே ஹியரிங்தான் இது, சட்டச் சொல், மாற்றி எழுத முடியாது என்று ஆசிரியை விளக்கினார். வகுப்புக்கு அது போதவில்லை. சரி, கூட்டத்துக்குப் போய்வந்த பெரியவர்களிடம் விசாரித்துவிட்டு, ஹியரும் லிசனும் வருகிற மாதிரி ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். மறுநாள் நோட்டுகள் இரண்டு கட்சியாக வந்தன. அதிகாரிகள் தாத்தா பேசியதை ஹேர்ட், ஆனால் லிசன் பண்ணவில்லை என்று ஒரு கட்சி. அம்மா பேசும்போது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள், அதனால் லிசன்தான் என்று இன்னொரு கட்சி. மைக் சரியில்லாததால் பின்னால் நின்றவர்களுக்கு எதுவுமே ஹியர் ஆகவில்லை என்று ஒரு பையன் எழுதியிருந்தான். இலக்கணம் சரியாக இருந்த எல்லோருக்கும் இரண்டு மார்க் கிடைத்தது. லிசனுக்குப் பின் 'டு' போடாதவர்களுக்கு அரை மார்க் குறைந்தது.